செட்டிநாட்டில் ஏழு நாள்: எந்த ஊரில் தங்குவது?

செட்டிநாட்டுக்கு ஒரு வாரம் போவது என்று முடிவு செய்தவர்கள் அடுத்து எழுப்பும் கேள்வி பெரும்பாலும் எவற்றையெல்லாம் பார்ப்பது என்பதாகவே இருக்கிறது. அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது எந்த ஊரில் தங்குவது என்பதுதான். காரணம் எளிது. செட்டிநாடு என்பது ஓர் ஊரின் பெயர் அன்று. சிவகங்கை, புதுக்கோட்டை ஆகிய இரண்டு மாவட்டங்களில் பரவிக் கிடக்கும், முன்பு 96 என்றும் இன்று எழுபதுக்குச் சற்று மேல் என்றும் கணக்கிடப்படும், நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்த் தொகுதி அது. மதுரைக்கு மீனாட்சியம்மன் கோயில் போலவோ தஞ்சைக்குப் பெரிய கோயில் போலவோ, அதைப் பார்த்தால் பயணம் நிறைவடைந்தது என்று சொல்லத்தக்க ஒற்றை இடம் இங்கே கிடையாது. நேர்கோட்டில் ஓடும் தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள், ஊர் நடுவே சிவன் கோயில், அருகிலே ஊருணி, எல்லையில் ஐயனார் என்று ஒவ்வோர் ஊரும் ஏறக்குறைய ஒரே அமைப்பில் இருக்கிறது. ஆகையால் எந்த ஊரை இருப்பிடமாகக் கொள்கிறோமோ அந்த ஊரே நம் பயணத்தின் நடையையும் நாம் சந்திக்கும் மனிதர்களையும் பெருமளவுக்கு முடிவு செய்துவிடுகிறது.

நிதானமான பயணம் என்று நான் சொல்வது இதைத்தான்: ஒரு நாளைக்கு ஓர் ஊருக்கு மேல் போகாமல் இருப்பது, பகல் வெயிலில் ஓய்ந்திருப்பது, ஒரே இடத்துக்கு இரண்டாம் முறையும் போகத் தயங்காமல் இருப்பது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று இருப்பிடங்களை இங்கே ஒப்பிடுகிறேன். முதலாவது, கானாடுகாத்தானையும் அதை ஒட்டிய ஊர்களையும் சேர்ந்த, விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடுகள். இரண்டாவது, காரைக்குடி நகரம். மூன்றாவது, வடக்கே திருமயமும் புதுக்கோட்டையும். தேவகோட்டையிலும் அழகான பெரிய வீடுகள் உண்டு. ஆனால் அங்கிருந்து மேற்கிலும் வடக்கிலும் உள்ள ஊர்களுக்குப் போவதென்றால் பெரும்பாலும் காரைக்குடி வந்தே மாற வேண்டியிருப்பதால், அதை ஒருநாள் போய்வரும் ஊராக வைத்துக்கொள்வதே நல்லது.

வெளியூர்க்காரர்கள் முதலில் விரும்புவது பழைய வீட்டில் தங்குவதையே. அந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1940கள் வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொண்டுவிற்றுப் பொருள் ஈட்டிய குடும்பங்கள் கட்டிய வீடுகள் இவை. பர்மாத் தேக்கில் தூண்கள், இத்தாலியப் பளிங்கு, ஜப்பான் ஓடு பதித்த சுவர்கள், பெல்ஜியம் கண்ணாடி என்று அடுக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. என்னைக் கவர்ந்தவை இந்த இறக்குமதிகள் அல்ல. சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும் கடுக்காயும் கலந்து பூசிய சுவரில் உள்ளங்கையை வைத்தால், நடுப்பகலிலும் அது குளிர்ந்திருக்கும். முற்றத்தை நோக்கிச் சரிந்து இறங்கும் நாட்டு ஓட்டுக் கூரை மழைநீரை உள்ளே வாங்கி, வீட்டின் அடியில் ஓடும் கால்வாய் வழியே வெளியேற்றுகிறது. அந்தக் காலத்தில் அந்த நீர் தெருக் கால்வாய்களில் சேர்ந்து ஊருணிக்குப் போயிருக்கிறது. மழை குறைந்த, ஆறு இல்லாத ஒரு நிலத்தில் ஓர் ஊரே சேர்ந்து நீரைப் பிடித்து வைத்த ஏற்பாடு அது. வீட்டின் அலங்காரத்தை ஒரு மணி நேரத்தில் பார்த்து முடித்துவிடலாம். இந்த ஏற்பாடு விளங்க வேண்டுமானால் ஒரு பகலும் ஓர் இரவும் அந்த வீட்டில் இருக்க வேண்டும், அன்று மழையும் பெய்தால் இன்னும் நல்லது.

அதோடு, குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதை அந்த வீடே சொல்கிறது. முகப்பும் பட்டாலையும் ஆண்கள் கணக்கு வழக்குப் பார்க்கும் இடம். அதைத் தாண்டினால் வளவு. முற்றத்தைச் சுற்றியிருக்கும் அறைகள் மணமான மகன்களுக்கு ஒன்றொன்றாக ஒதுக்கப்பட்டவை, அந்த அறைக்கும் வீடு என்றுதான் பெயர். புதிதாக மணமானவர்களை வேறு வைப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே மகனும் மருமகளும் தனி அடுப்பு மூட்டித் தனியாக வரவுசெலவு பார்ப்பார்கள். கூட்டுக்குடும்பம் என்ற சொல்லை நாம் பொதுவாகப் புரிந்துகொள்ளும் விதத்துக்கு இது முற்றிலும் வேறானது. இரண்டாங்கட்டில் பந்தி, அதற்கும் பின்னே அடுப்படி. இந்த வரிசையில் நடந்து பார்க்கும்போதுதான், ஒரு திருமணத்துக்கு ஊரே வந்து தங்கும்படியாக வீடு ஏன் அவ்வளவு நீளமாகக் கட்டப்பட்டது என்பது புரிகிறது.

விடுதியாக மாறிய வீட்டில் தங்குவதற்கு ஆதரவாக இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். 1942இல் ஜப்பானியப் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தபோது தொழிலை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் பலர். பின்னர் அங்கே நிலம் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது எஞ்சியதும் போயிற்று. வருமானம் நின்ற பிறகு வீடு மட்டும் நின்றது. தலைமுறை தலைமுறையாகப் பங்கு பிரிந்து, ஒரே வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் உரிமையாளர்களாக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் சென்னையிலோ வெளிநாட்டிலோ வசிக்கிறார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் கூரையைப் பழுதுபார்க்க முடியும் என்ற நிலையில், ஓடு சரிந்து மழைநீர் உள்ளே இறங்கத் தொடங்கினால் சில ஆண்டுகளில் வீடு விழுந்துவிடுகிறது, அல்லது தூணும் நிலையும் கதவுமாகக் கழற்றி விற்கப்படுகிறது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் நிலைகளையும் உத்தரங்களையும் பார்க்கும்போது, அவை ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டின் முடிவு என்ற எண்ணம் எனக்கு வராமல் இருப்பதில்லை. 2014இல் இந்த ஊர்த் தொகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆனால் பட்டியல் கூரையைத் தாங்காது. விருந்தினர் தரும் வாடகை தாங்குகிறது. ஆகவே அந்த விடுதிகளின் கட்டணம் அதிகம் என்பதற்காக மட்டும் நான் அவற்றை ஒதுக்கச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் ஏழு இரவுகளையும் அங்கேயே கழிப்பது சரியான தேர்வு அன்று என்பதே என் கருத்து. கானாடுகாத்தானில் மாலை விளக்கு வைத்த பிறகு தெருவில் நடந்தால், பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் வெளிச்சம் தெரிந்தாலே அதிகம். பூட்டிய வீடுகளைக் காத்துக்கொண்டு ஒருவர் திண்ணையில் அமர்ந்திருப்பார். அந்த அமைதி முதல் நாள் மனத்தை நிறைக்கும், இரண்டாம் நாளும் நிறைக்கும். மூன்றாம் நாள், நாம் பார்ப்பது வாழ்க்கை விலகிப்போன ஊரை என்பதும், நம்முடன் உணவருந்துபவர்கள் எல்லோரும் நம்மைப் போலவே வந்தவர்கள் என்பதும் உறைக்கத் தொடங்கும். சாப்பாடு விடுதியில்தான். வெளியே ஒரு தேநீர்க் கடை, ஒரு மளிகைக் கடை, அவ்வளவுதான். எங்கே போவதானாலும் விடுதி ஏற்பாடு செய்யும் காரில் போவதே எளிதாக இருப்பதால், அது ஒரே நாளில் நான்கு இடங்களைக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. ஒருமுறை நான் தங்கிய ஒரு விடுதியில், ஆத்தங்குடியில் ஒரு முழுக் காலைப்பொழுது இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு, அங்கே இருபது நிமிடம் போதும் என்று சொல்லி மற்ற இடங்களையும் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். நிதானத்தைத் தேடி வந்தவருக்கு இது பொருந்தாது.

காரைக்குடி இதற்கு நேர் எதிர். பேருந்து நிலையத்தில் வந்து இறங்கியதும் மனம் சற்றுச் சோரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மற்ற எந்த மாவட்ட நகரத்திலும் காணும் இரைச்சலும் விளம்பரப் பலகைகளும் கைப்பேசிக் கடைகளும்தான் கண்ணில் படும். ஆயிரம் ஜன்னல் வீடு போன்ற பெரிய வீடுகள் நகருக்குள் இருந்தாலும் அவற்றை ஒட்டிப் புதுக் கட்டடங்கள் முளைத்துவிட்டன. ஆயினும் ஏழு நாளில் ஐந்து நாளைக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த நகரத்தையே. செட்டிநாட்டில் இன்று மக்கள் நெருக்கமாக வாழும் இடம் இது. கொப்புடையம்மன் கோயிலில் காலையில் நிற்கும் கூட்டம் ஊர்க்காரர்களின் கூட்டம். கண்டாங்கிச் சேலை நெய்யும் தறிகளின் சத்தத்தை இங்கே கேட்கலாம். அகன்ற கரையும் கட்டமும், அரக்கும் மஞ்சளும் கறுப்புமாக, உழைக்கும் பெண்கள் கட்டுவதற்கென்றே கெட்டியாக நெய்யப்பட்ட இந்தப் பருத்திச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நெசவாளர் வீட்டிலேயே வாங்கினால் எந்தச் சேலை எத்தனை நாளில் நெய்யப்பட்டது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கும் ஆச்சிகளும் இங்கேதான் அதிகம். மனகோலமும் சீப்புச் சீடையும் எந்தப் பருவத்திலும் கிடைக்கும். கந்தரப்பமும் வெள்ளைப் பணியாரமும் சூடாகத் தின்ன வேண்டியவை என்பதால் முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. கவுனி எனும் கறுப்பரிசிப் பொங்கலை மட்டும் எங்கே கண்டாலும் தவறவிட வேண்டாம். பர்மாவுடன் இருந்த தொடர்பை நாவால் அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

காரைக்குடியைத் தேர்வதற்கு இவற்றையெல்லாம்விட வலுவான காரணம் அதன் நகரப் பேருந்துகள்தான். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோவிலூர், தேவகோட்டை என்று எந்தத் திசைக்கும் இங்கிருந்து பேருந்து உண்டு, பெரும்பாலானவை பத்து முதல் இருபது கிலோமீட்டர் தொலைவுக்குள் இருப்பவை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பகல் நேர வண்டிகளில் வேலைக்குப் போகும் பெண்களும் சந்தைக்குப் போய்த் திரும்பும் பெண்களும் நிறைந்திருப்பார்கள். ஒரு வெளியூர்க்காரர் ஏறினால், எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு என்ற கேள்வி இரண்டாவது நிறுத்தத்துக்குள் வந்துவிடும். யார் வீட்டுக்கும் இல்லை, ஊரைப் பார்க்கத்தான் என்று பதில் சொன்னால், எந்த வீட்டைப் பார்க்கலாம், எந்தக் கோயிலில் இன்று விசேஷம், திரும்பும் பேருந்து எத்தனை மணிக்கு என்ற மூன்றும் கேட்காமலே கிடைக்கும். காரில் போகும்போது கிடைக்காதது இந்தப் பேச்சுத்தான். பேருந்தின் நேரம் நம் நாளையும் ஒழுங்குபடுத்துகிறது. காலை வண்டியில் போய் இறங்கினால் அடுத்த வண்டி வரும்வரை அந்த ஊரில் இருந்தே ஆக வேண்டும், அந்தக் கட்டாயம்தான் நம்மை ஒரு திண்ணையில் உட்கார வைக்கிறது.

ஆத்தங்குடியை எடுத்துக்கொள்வோம். கார்ப் பயணத் திட்டத்தில் இருபது நிமிடம் ஒதுக்கப்படும் ஊர் இது. அங்கே தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் பட்டறையில் காலை முழுவதும் நின்றால்தான் வேலையின் வரிசை பிடிபடும். சட்டத்துக்குள் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்து, அதன்மேல் பூ வடிவ அச்சை இருத்தி, சிமெண்டுடன் குழைத்த வண்ணங்களைக் கரண்டியால் ஒவ்வொரு கண்ணறையிலும் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கிய பிறகு, கலங்காமல் நிற்கும் அந்த ஈரப் பூவின்மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவி, அதன்மேல் சாந்தை நிரப்பி மட்டம் செய்கிறார்கள். இறுகிய கல்லைச் சில நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால் கண்ணாடி தானாக விலகுகிறது. சூளையில் சுடாமலே வரும் அந்த வழவழப்புக் கண்ணாடியிலிருந்து வந்தது. மணல் அந்த ஊர்ப் பக்கத்து மணலாக இருக்க வேண்டும் என்பதில் செய்பவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். ஒரு கல்லுக்கு ஆகும் நேரம் சில நிமிடங்களே என்றாலும், வண்ணத்தை ஊற்றும் கை எங்கே நிற்கிறது, எங்கே விரைகிறது என்பது பத்தாவது கல்லைப் பார்க்கும்போதுதான் கண்ணுக்குப் புலப்படும். பிற்பகலில் அதே ஊரில் கட்டணம் வாங்கிக்கொண்டு திறந்து காட்டப்படும் பெரிய வீட்டுக்குள் போனால், தரையில் கிடக்கும் கல்லை வேறு கண்ணால் பார்ப்போம்.

கோயில்களைப் பொறுத்தும் காரைக்குடியே வசதி. நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களான இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகியவை இந்த நகரைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் பொதுவாகத் தங்களுக்குள் மணம் செய்துகொள்வதில்லை. மணம் முடிந்த தம்பதியர் தம் கோயிலில் ஒரு புள்ளியாக, அதாவது ஒரு குடும்பமாகப் பதிவாகிறார்கள். ஆகவே இந்த ஒன்பதும் வழிபாட்டிடங்களாக மட்டும் இல்லாமல் ஒரு சமூகத்தின் பதிவேடுகளாகவும் இருக்கின்றன. ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்கக் காரில் ஏற்பாடு செய்கிறார்கள். அப்படிப் பார்த்தால் மறுநாள் எது எந்தக் கோயில் என்று நினைவிருக்காது. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் வலம்புரியாகத் துதிக்கை சுருட்டிய, இரு கைகளோடு மட்டும் அமர்ந்த பிள்ளையாரை ஒரு நாளும், சிற்பங்களுக்காக இரணியூரையும் அதற்கு அருகிலுள்ள இளையாத்தங்குடியையும் இன்னொரு நாளும் பார்த்து, மற்றவற்றை அடுத்த பயணத்துக்கு விட்டுவைப்பதே என் பரிந்துரை. பிள்ளையார்பட்டிக்கு விடியற்காலையில் போங்கள். கூட்டம் சேர்ந்த பிறகு குடைவரைக்குள் ஒரு நிமிடம் நிற்பதே அரிது.

காரைக்குடியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. நகருக்குள் இருக்கும் தங்கும் விடுதிகளில் பெரும்பாலானவை வியாபாரத்துக்கோ திருமணத்துக்கோ வருபவர்களுக்கானவை. சுத்தமான அறையும் வெந்நீரும் கிடைக்கும், அழகு கிடைக்காது. முகூர்த்த நாள்களில் அறை கிடைப்பதே கடினம், ஆகவே நாள்காட்டியைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். சிற்றூர்களுக்குப் போகும் பேருந்துகள் இடையில் ஓரிரு மணி நேரம் இல்லாமலும் போகும், கடைசி வண்டியைத் தவறவிட்டால் ஆட்டோவுக்கு நிறையக் கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது தேர்வான புதுக்கோட்டைப் பக்கம் அடிப்படையில் வேறு ஒரு பயணம். இங்கே நாம் பார்ப்பது வணிகர்கள் கட்டிய நூறாண்டு வீடுகளை அன்று, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பாறைகளை. சித்தன்னவாசலில் அறிவர் கோயிலின் விதானத்தில் தீட்டியிருக்கும் தாமரைக் குளமும், மேலே மலைமீது சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகளும், அங்குள்ள தமிழி எழுத்துகளும் ஒரு முழு நாளைக் கேட்பவை. குடுமியான்மலையின் இசைக் கல்வெட்டு, நார்த்தாமலையின் விசயாலய சோழீசுவரம், கொடும்பாளூரின் மூவர் கோயில் ஆகியவையும் புதுக்கோட்டையிலிருந்தே எளிது. 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்த ஊர் என்பதால் அகன்ற நேர்த்தெருக்களும் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகமும் அதற்கு வேறொரு தோற்றத்தைத் தருகின்றன. நமணசமுத்திரத்துக்கு அருகே ஐயனார் கோயில் வழியின் இருபுறமும் நூற்றுக்கணக்கில் நிற்கும் சுடுமண் குதிரைகளைப் பார்க்கும்போது, செட்டிநாட்டின் வீடுகளைக் கட்டியவர்கள் மட்டுமல்லாமல், அந்த நிலத்தை உழுதவர்களும் மண்ணைப் பிசைந்தவர்களும் நம் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறார்கள். புரவி எடுப்பின்போது குயவர் செய்த குதிரையை ஊரார் தோளில் சுமந்து வருவார்கள். பழைய குதிரை உடைந்து மண்ணோடு மண்ணாகும்வரை அங்கேயே நிற்கும், யாரும் அகற்றுவதில்லை.

கல்வெட்டிலும் குடைவரையிலும் ஈடுபாடு உள்ளவருக்குப் புதுக்கோட்டையே முதல் தேர்வு என்று தயங்காமல் சொல்வேன். செட்டிநாட்டின் வீட்டையும் உணவையும் கைத்தொழிலையும் தேடி வருபவருக்கு அது சற்று விலகிய இடம். காரைக்குடியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் என்பதால் ஒரு நாள் அங்கே போய் வரலாம். திருமயம் இரண்டுக்கும் இடையில், பேருந்துச் சாலையிலேயே இருக்கிறது. 1687இல் சேதுபதி மன்னர் எழுப்பிய கோட்டையும், ஒரே குன்றின் அடிவாரத்தில் அடுத்தடுத்துக் குடையப்பட்ட சிவன், பெருமாள் கோயில்களும் ஒரு காலைப்பொழுதுக்குச் சரியாக இருக்கும். தங்குவதற்கு அங்கே வசதி குறைவு.

பருவமும் இந்தத் தேர்வை மாற்றும். தை மாதம் வருபவர்கள் காரைக்குடியைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை. பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும். பொங்கலுக்குப் பின்வரும் செவ்வாய்க்கிழமையில் நாட்டரசன்கோட்டைக் கண்ணுடைய நாயகி கோயில் முன்னே நகரத்தார் குடும்பங்கள் வரிசையாக அடுப்பு மூட்டிச் செவ்வாய்ப் பொங்கல் வைப்பார்கள். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடி வழியே நடந்து செல்லும். வெளியூர்களில் இருப்பவர்கள் ஊர் திரும்பும் காலமும் அதுவே, ஆண்டு முழுவதும் பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கெரியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது பேருந்துக்குக் காத்திருப்பது தொல்லை, ஆனால் பழைய வீட்டில் தங்குபவருக்கு அதுவே சிறந்த காலம் என்பதை மேலே சொன்னேன். மழைக்குப் பிறகு கண்மாய்கள் நிரம்பியிருக்கும். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு நீர்ப்பறவைகள் வந்து கூடு கட்டும். அந்தப் பறவைகள் மிரளக் கூடாது என்பதற்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை நெருங்கும். அந்த மாதங்களில் பாறைகள் நிறைந்த புதுக்கோட்டைப் பக்கத்தை அறவே தவிர்த்துவிடலாம்.

வாகனத்தைப் பற்றி ஒரு சொல். முழு வாரத்துக்கும் கார் வைத்துக்கொள்வது தேவையில்லை என்பதே என் எண்ணம். ஆனால் முதியவர்களோடு வருபவர்களும் கைக்குழந்தை உள்ளவர்களும் கானாடுகாத்தானில் தங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் கார் எடுத்து, இடையிலுள்ள நாள்களில் வீட்டுத் தாழ்வாரத்திலும் தெருவிலுமாகக் கழிப்பதே அவர்களுக்கு நல்லது. மிதிவண்டியில் கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் ஆகிய மூன்றையும் காலை நேரத்தில் சுற்றலாம், ஆனால் நெடுஞ்சாலையில் ஓட்டாமல் ஊர்களுக்கிடையிலான உள்சாலைகளைக் கேட்டுப் போக வேண்டும். தனியாக வரும் பெண்களுக்கு ஆள் நடமாட்டம் உள்ள காரைக்குடியே மேல் என்று நான் சொல்வேன்.

ஆகவே ஏழு இரவுகளில் ஐந்தைக் காரைக்குடியிலும் இரண்டைப் பழைய வீட்டிலும் கழிப்பது என்பதே நான் செய்வதும் மற்றவர்களுக்குச் சொல்வதும். இதில் எது முதலில் என்பதும் முக்கியம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் வருபவர்கள் இரவில் காரைக்குடியில் இறங்குவார்கள். அந்தக் களைப்போடு நேராகப் பெரிய வீட்டுக்குப் போனால் முதல் நாளே எல்லாவற்றையும் புகைப்படம் எடுத்து முடித்துவிடத் தோன்றும். அந்த இரண்டு இரவுகளைக் கடைசிக்கு வையுங்கள். அதற்குள் பூக்கல் எப்படி வார்க்கப்படுகிறது என்பதைப் பார்த்திருப்பீர்கள். பழம்பொருள் கடையில் கழற்றி வைத்த நிலையையும் பார்த்திருப்பீர்கள். புள்ளி என்றால் என்ன, வேறு வைப்பது என்றால் என்ன என்று பேருந்தில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆறாம் நாள் பிற்பகல் அந்த வீட்டின் வளவில் போய் அமரும்போது, முற்றத்தைச் சுற்றிப் பூட்டியிருக்கும் கதவுகளை எண்ணி, இங்கே எத்தனை அடுப்பு எரிந்திருக்கும் என்று உங்களுக்கே கணக்கிடத் தெரியும்.